அமெரிக்காவில் கறுப்பினத்தவரின் வாக்குரிமை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் அதிபர் தேர்தல் நெருங்கினால் நம் செய்தித்தாள்களிலும் வாக்குரிமைச் சட்டம், தொகுதி எல்லை வழக்கு, அடையாள அட்டைச் சர்ச்சை என்று ஏதாவது ஒன்று தலைகாட்டும். பின்னணி தெரியாவிட்டால் அவை ஒன்றும் விளங்காது. 1870-க்குப் பிறகு "கறுப்பினத்தவர் வாக்களிக்கக் கூடாது" என்று அங்கே சட்டம் எழுதுவது அநேகமாக நின்றுபோனது. அப்படி எழுதாமலேயே அவர்களை எப்படித் தடுத்தார்கள் என்பதே கீழே உள்ள பதில்களில் பெரும்பகுதி.

அமெரிக்க அரசமைப்புச் சட்டம் எல்லோருக்கும் வாக்குரிமை கொடுத்ததா?

இல்லை. 1787-இல் எழுதப்பட்ட மூலச் சட்டத்தில் அப்படி ஒரு பிரிவே கிடையாது. யார் வாக்களிக்கலாம் என்பதை அந்தந்த மாநிலத்தின் தலையில் கட்டிவிட்டார்கள். பெரும்பாலான மாநிலங்கள் சொத்துள்ள வெள்ளை ஆண்களோடு நிறுத்திக்கொண்டன. வடக்கே சில இடங்களில் அடிமையல்லாத கறுப்பினத்தவருக்கும் ஓட்டு இருந்தது. அதையும் நியூஜெர்சி 1807-இல் பறித்தது. பென்சில்வேனியா 1838-இல் பறித்தது.

தெற்கே அடிமைகளுக்கு ஓட்டு இல்லை, ஆனால் கணக்கில் மட்டும் அவர்கள் உண்டு. ஒரு மாநிலத்துக்கு எத்தனை பிரதிநிதிகள் என்று கணக்கிடும்போது ஐந்து அடிமைகளை மூன்று பேராக எண்ணினார்கள். அடிமைகள் பெருகப் பெருக, அவர்களை வைத்திருந்தவர்களின் மாநிலத்துக்கு நாடாளுமன்றத்தில் இடமும் பெருகியது.

அப்படியானால் உரிமை எப்போது வந்தது?

உள்நாட்டுப் போர் 1865-இல் முடிந்த பிறகு மூன்று திருத்தங்கள் வந்தன. 13-ஆவது அடிமைமுறையை ஒழித்தது. 14-ஆவது குடியுரிமையையும் சட்டத்தின் முன் சமத்துவத்தையும் தந்தது. 1870 பிப்ரவரியில் நிறைவேறிய 15-ஆவது, இனம், நிறம், முன்பு அடிமையாக இருந்த நிலை ஆகியவற்றைக் காரணம் காட்டி வாக்குரிமையை மறுக்கக் கூடாது என்றது. இந்த மூன்று காரணங்களைத்தான் அது விலக்கியது. வேறு காரணம் கண்டுபிடித்தால் மறுக்கலாம் என்ற ஓட்டை அதிலேயே இருந்தது. இருபது ஆண்டுகளில் அந்த ஓட்டை வழியாக ஒரு யானையையே ஓட்டிச் சென்றார்கள்.

ஆனாலும் நடுவில் ஓர் அருமையான காலம் உண்டு. தெற்கே கூட்டாட்சிப் படை காவலிருந்த மறுசீரமைப்புக் காலத்தில் கறுப்பினத்தவர் திரண்டு வாக்களித்தார்கள், பதவிகளிலும் அமர்ந்தார்கள். மிசிசிப்பியின் ஹைரம் ரெவல்ஸ் 1870-இல் செனட் உறுப்பினரானார். அதே ஆண்டு தென் கரோலினாவின் ஜோசப் ரெய்னி பிரதிநிதிகள் சபைக்குள் நுழைந்தார். ரெய்னி அடிமையாகப் பிறந்தவர்.

கையில் இருந்த உரிமை எப்படிப் போனது?

முதலில் துப்பாக்கியால். 1873 ஈஸ்டர் ஞாயிறன்று லூசியானாவின் கோல்ஃபாக்ஸ் என்ற ஊரில், தேர்தல் முடிவைப் பற்றிய தகராறில் நீதிமன்றக் கட்டடத்தைக் காத்து நின்ற கறுப்பினத்தவரை ஆயுதமேந்திய வெள்ளையர் கூட்டம் கொன்று குவித்தது. சரணடைந்தவர்களையும் விடவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 14-ஆவது திருத்தம் மாநில அரசுகளைத்தான் கட்டுப்படுத்தும், தனிமனிதர்களின் வன்முறையை அல்ல என்று 1876-இல் தீர்ப்பு வந்தது. குற்றவாளிகள் வீட்டுக்குப் போனார்கள். அடுத்த ஆண்டு, இழுபறியாக முடிந்த அதிபர் தேர்தலையொட்டிய பேரத்தில், தெற்கே மிச்சமிருந்த படையும் காவலைக் கைவிட்டது.

துப்பாக்கி கொஞ்சம் சத்தம் போடும் கருவி. அதனால் சட்டப் புத்தகத்தைக் கையில் எடுத்தார்கள். 1890-இல் மிசிசிப்பி புதிய மாநில அரசமைப்பை எழுதி வழிகாட்டியது. மற்ற தென்மாநிலங்கள் பின்தொடர்ந்தன. 1901-இல் அலபாமாவின் அரசமைப்பு மாநாட்டுத் தலைவர் ஜான் நாக்ஸ் தொடக்க உரையிலேயே நோக்கத்தைச் சொல்லிவிட்டார்: கூட்டாட்சி அரசமைப்பு விதிக்கும் வரம்புகளுக்குள் நின்று இந்த மாநிலத்தில் வெள்ளையர் மேலாதிக்கத்தை நிறுவ வேண்டும். பின்னாளில் "இந்த விதிகள் பொதுவானவைதானே" என்று வாதிட்டவர்கள் இந்த உரையை வசதியாக மறந்துவிடுவார்கள்.

என்னென்ன விதிகள் அவை?

முதலாவது வாக்கு வரி. மிசிசிப்பியில் ஆண்டுக்கு இரண்டு டாலர். இன்று சில்லறையாகத் தெரியும். கையில் பணமே புரளாத குத்தகை விவசாயிக்கு அது பெரிய தொகை. அலபாமாவில் ஆண்டுக்கு ஒன்றரை டாலர்தான், ஆனால் கட்டாத ஆண்டுகளின் பாக்கி சேர்ந்துகொண்டே போகும். 21 வயதில் தொடங்கி 45 வரை கட்டாமல் விட்டவர் ஓட்டுப் போட நினைத்தால் 36 டாலரை எடுத்து வைக்க வேண்டும். கட்டினால் மட்டும் போதாது, ரசீதைப் பத்திரமாக வைத்திருக்கவும் வேண்டும்.

இரண்டாவது எழுத்தறிவுத் தேர்வு. அதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது தாத்தா விதி. வரியும் தேர்வும் ஏழை வெள்ளையரையும் வெளியே தள்ளுமே என்ற கவலை வந்தது. 1898-இல் லூசியானா அதற்கு வழி கண்டது: 1867 ஜனவரி 1 அன்றோ அதற்கு முன்போ வாக்குரிமை பெற்றிருந்தவருக்கும், அவருடைய மகன்களுக்கும் பேரன்களுக்கும் தேர்விலிருந்து விலக்கு. அந்தத் தேதியில் லூசியானாவில் எந்தக் கறுப்பினத் தாத்தாவுக்கும் ஓட்டு கிடையாது. விதியில் இனம் என்ற சொல்லே வரவில்லை. விளைவைப் பாருங்கள்: 1896-இல் அங்கே பதிவு செய்திருந்த கறுப்பின வாக்காளர்கள் 1,30,334 பேர். 1900-இல் 5,320 பேர்.

தென் கரோலினா இன்னும் குறும்பாக யோசித்தது. 1882 முதல் ஒவ்வொரு பதவிக்கும் தனித்தனி வாக்குப்பெட்டி. தவறான பெட்டியில் விழுந்த சீட்டு செல்லாது. எழுதப் படிக்கத் தெரியாதவர் பெட்டிகளின் வரிசையை மனப்பாடம் செய்துகொண்டு வந்தால், பெட்டிகளை இடம் மாற்றி வைத்துவிடுவார்கள்.

கடைசியாக வெள்ளையர் மட்டும் வாக்களிக்கும் கட்சித் தேர்தல். தெற்கே அன்று ஜனநாயகக் கட்சி வேட்பாளர்தான் எப்போதும் ஜெயிப்பார். ஆகவே வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தல்தான் உண்மையான தேர்தல். டெக்சஸ் 1923-இல், வழக்கத்துக்கு மாறாக, கறுப்பினத்தவருக்கு அதில் இடமில்லை என்று சட்டத்திலேயே அப்பட்டமாக எழுதியது. அது 1927-இல் ரத்தானது. உடனே, கட்சி என்பது தனியார் சங்கம், உறுப்பினர் யார் என்பது அதன் இஷ்டம் என்று வேறு பாதையில் திரும்பினார்கள். ஹூஸ்டனைச் சேர்ந்த லோனி ஸ்மித் என்ற பல் மருத்துவர் தொடுத்த வழக்கில்தான் 1944-இல் இதற்கு முற்றுப்புள்ளி விழுந்தது.

படிக்கத் தெரிந்தவர் வாக்களிக்கட்டும் என்பதில் என்ன தவறு? அது இனப் பாகுபாடு ஆகுமா?

இது நியாயமான சந்தேகம்போல் தோன்றும். தேர்வை நடத்தியவர் யார், மதிப்பெண் போட்டவர் யார் என்று பார்த்தால் தெளியும். தேர்வு நடந்த இடம் கவுன்ட்டி (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) நீதிமன்றக் கட்டடம். பதிவாளர் வெள்ளையர். மிசிசிப்பியில் மாநில அரசமைப்பின் ஏதாவது ஒரு பிரிவைக் கொடுத்து, அதைப் படியெடுத்து விளக்கம் எழுதச் சொல்வார். எது சரியான விளக்கம் என்பதில் அவர் வைத்ததுதான் சட்டம். வெள்ளையருக்கு ஒரு வரிப் பிரிவு, கறுப்பினப் பேராசிரியருக்குச் சட்டக் கல்லூரியே திணறும் பிரிவு. தோற்றால் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

ஒருவருடைய அனுபவத்தைச் சொன்னால் போதும். ஃபேனி லூ ஹேமர், மிசிசிப்பியில் பருத்திப் பண்ணைத் தொழிலாளி. கறுப்பினத்தவரும் வாக்காளராகப் பதிவு செய்துகொள்ளலாம் என்பதே அவருக்கு 44 வயதில்தான் தெரியவந்தது. 1962 ஆகஸ்ட் 31 அன்று 18 பேர் ஒரு பஸ்ஸில் ரூல்வில்லிலிருந்து 26 மைல் தள்ளி இருந்த இண்டியனோலாவுக்குப் போனார்கள். ஒரு நேரத்தில் இரண்டு பேரைத்தான் உள்ளே விட்டார்கள். ஹேமருக்கு வந்த கேள்வி, சட்டப்படி அல்லாமல் நடைமுறையில் நிலவும் சட்டங்களைப் பற்றிய பிரிவு. குதிரைக்குக் கிறிஸ்துமஸ் தெரிந்த அளவுக்குத்தான் தனக்கு அது தெரிந்தது என்று பிற்பாடு சொல்லிச் சிரித்தார்.

திரும்பும் வழியில் போலீஸ் பஸ்ஸை மறித்தது. பஸ்ஸின் நிறம் சரியில்லையாம், பள்ளிப் பஸ்போல மஞ்சளாக இருக்கிறதாம். ஓட்டுநர் மீது வழக்கு. பயணிகள் கையிலிருந்ததைப் போட்டு அபராதம் கட்டிவிட்டு ஊர் திரும்பினார்கள். அன்று இரவே பண்ணை முதலாளி வந்து, விண்ணப்பத்தைத் திரும்பப் பெறு, இல்லாவிட்டால் இடத்தைக் காலி செய் என்றார். "உங்களுக்காகப் பதிவு செய்யப் போகவில்லை, எனக்காகப் போனேன்" என்று சொல்லிவிட்டு, 18 ஆண்டுகள் உழைத்த பண்ணையிலிருந்து ஹேமர் வெளியேறினார். மறு ஆண்டு தேர்வில் தேறினார். வாக்களிக்கப் போனபோது, இரண்டு ஆண்டு வாக்கு வரி ரசீது எங்கே என்று கேட்டார்கள். 1963 ஜூனில் வினோனா சிறையில் அவரை அடித்த அடியின் பாதிப்பு கடைசிவரை உடம்பில் இருந்தது.

இவ்வளவும் எழுத்தறிவைச் சோதிக்கத்தான் என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்ளலாம், நம்ப வேண்டியதில்லை.

நம் தேர்தல் ஆணையம்போல் அங்கே ஒன்றும் இல்லையா?

தேர்தலை நடத்தும் அதிகாரம் கொண்ட மத்திய ஆணையம் அங்கே இல்லை. மாநிலம்தான் தேர்தலை நடத்துகிறது. அதற்குள் கவுன்ட்டி நடத்துகிறது. வீடு வீடாக வந்து பெயர் சேர்க்கும் வழக்கமும் இல்லை. குடிமகன்தான் தேடிப்போய்ப் பதிவு செய்துகொள்ள வேண்டும். அந்தப் பழைய தெற்கில் தேடிப்போவதே ஆபத்து. 1962-இல் மிசிசிப்பி இயற்றிய ஒரு சட்டப்படி விண்ணப்பித்தவர்களின் பெயர்களை உள்ளூர்ப் பத்திரிகையில் இரண்டு வாரம் வெளியிட வேண்டும். முதலாளி, வீட்டுக்காரர், கடன் கொடுத்தவர் எல்லோரும் படிக்கத்தான்.

உச்ச நீதிமன்றம் ஏன் பார்த்துக்கொண்டிருந்தது?

பெரும்பாலும் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. மிசிசிப்பியின் விதிகளில் இனம் என்ற பேச்சே இல்லை, ஆகவே செல்லும் என்று 1898-இல் தீர்ப்பளித்தது. 1903-இல் அலபாமா வழக்கில் இன்னும் விசித்திரமான தர்க்கம்: மாநிலத்து வெள்ளையர் அனைவரும் சேர்ந்து சதி செய்கிறார்கள் என்றால் எங்கள் ஆணையால் என்ன ஆகிவிடும், அரசியல் தீர்வு தேடுங்கள். ஓட்டில்லாதவனுக்கு அரசியல் தீர்வு எங்கே கிடைக்கும் என்று நீதிபதிகள் சொல்லவில்லை.

தாத்தா விதி 1915-இல் விழுந்தது. 1960-இல் ஒரு நல்ல தீர்ப்பு வந்தது. அலபாமாவின் டஸ்கீகி நகரம் சதுரமாக இருந்தது. கறுப்பின வாக்காளர் பெருகியதும், மாநிலச் சட்டமன்றம் நகர எல்லையை 28 பக்கங்கள் கொண்ட கோணல் உருவமாக மாற்றியது. இருந்த சுமார் 400 கறுப்பின வாக்காளரில் நான்கைந்து பேரைத் தவிர அனைவரும் ஒரே நாளில் ஊருக்கு வெளியே போனார்கள். வெள்ளை வாக்காளர் ஒருவர்கூடப் போகவில்லை. அந்த வரைபடம் செல்லாது என்றது நீதிமன்றம்.

செல்மா என்ற ஊர் ஏன் இவ்வளவு பேசப்படுகிறது?

அலபாமாவின் டல்லஸ் கவுன்ட்டியில் உள்ள ஊர் அது. வாக்களிக்கும் வயதுள்ள கறுப்பினத்தவர் சுமார் 15,000 பேர். பதிவானவர்கள் ஏறக்குறைய 300. பதிவு அலுவலகம் மாதத்தில் இரண்டு நாள்தான் திறக்கும். 1965 ஜனவரியில் நூற்றுக்கும் மேற்பட்ட கறுப்பின ஆசிரியர்கள் அந்த அலுவலகத்துக்கு ஊர்வலமாகப் போனார்கள். பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பவர்களே எழுத்தறிவுத் தேர்வில் தேறாதவர்கள்! சிறைக்குப் போகவும் தயார் என்று காட்ட ஆளுக்கொரு பல் துலக்கும் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு போனார்கள்.

பிப்ரவரியில் பக்கத்து ஊரான மேரியனில் ஜிம்மி லீ ஜாக்சன் என்ற இளைஞரை மாநிலக் காவலர் ஒருவர் சுட்டார்; எட்டு நாளில் அவர் இறந்தார். அதற்குப் பதிலடியாகத்தான் தலைநகர் மான்ட்கோமரிக்கு நடைப்பயணம் அறிவித்தார்கள். மார்ச் 7, ஞாயிறு. சுமார் 600 பேர் எட்மண்ட் பெட்டஸ் பாலத்தைக் கடந்தபோது காவலர்கள் தடியும் கண்ணீர்ப்புகையும் குதிரைகளுமாகப் பாய்ந்தார்கள். முன்வரிசையில் நின்ற ஜான் லூயிஸின் மண்டை ஓடு உடைந்தது. அன்று இரவு ஏபிசி தொலைக்காட்சி, நாஜிக் குற்றங்களைப் பற்றிய ஒரு திரைப்படத்தை நடுவில் நிறுத்திவிட்டு இந்தக் காட்சியைக் காட்டியது. நாடு கொதித்தது. எட்டு நாளில் அதிபர் ஜான்சன் நாடாளுமன்றத்தில் புதிய சட்டத்தைக் கேட்டார். மார்ட்டின் லூதர் கிங் தலைமையில் 54 மைல் நடைப்பயணமும் மார்ச் 25 அன்று மான்ட்கோமரியை அடைந்தது. ஆகஸ்ட் 6 அன்று வாக்குரிமைச் சட்டம் கையெழுத்தானது.

1965 சட்டத்தில் அப்படி என்ன புதுமை?

முந்தைய சட்டங்கள் எல்லாம் பாதிக்கப்பட்டவர் வழக்குப் போட வேண்டும் என்று விட்டுவிட்டன. ஒரு விதி ரத்தாவதற்குள் நாலு தேர்தல் முடிந்துவிடும். ரத்தான மறுநாள் இன்னொரு விதி வரும். 1965 சட்டம் பாரத்தைப் புரட்டிப் போட்டது. பாகுபாட்டு வரலாறு உள்ள மாநிலங்களில் எழுத்தறிவுத் தேர்வை நிறுத்தியது. தேவைப்பட்ட கவுன்ட்டிகளுக்குக் கூட்டாட்சி அலுவலர்களையே அனுப்பிப் பெயர் சேர்த்தது. அந்த மாநிலங்கள் இனி எந்தத் தேர்தல் விதியை மாற்றினாலும் முதலில் வாஷிங்டனில் முன் அனுமதி வாங்க வேண்டும் என்றது. வாக்குச்சாவடியை இடம் மாற்றுவதற்குக்கூட அனுமதி தேவைப்பட்டது.

பலன் உடனே தெரிந்தது. மிசிசிப்பியில் கறுப்பினத்தவரில் பதிவானவர்கள் 6.7 சதவீதம் என்பது 1967-இல் 59.8 சதவீதம் ஆனது. மாநிலத் தேர்தல்களில் எஞ்சியிருந்த வாக்கு வரியை உச்ச நீதிமன்றம் 1966-இல் ஒழித்தது.

முன் அனுமதி எப்படி வேலை செய்தது என்பதற்கு மிசிசிப்பியின் கில்மைக்கேல் என்ற சிற்றூர். 2001-இல் வழக்கத்தைவிட அதிகமான கறுப்பினத்தவர் போட்டியிட முன்வந்ததும், முழுக்க வெள்ளையரான நகரமன்றம் தேர்தலையே ரத்து செய்தது. கூட்டாட்சி அரசின் நீதி அமைச்சகம் அனுமதி மறுத்து, தேர்தலை நடத்தச் சொன்னது. ஊர் தன் முதல் கறுப்பின மேயரைத் தேர்ந்தெடுத்தது.

1920-இல் பெண்களுக்கு ஓட்டு வந்ததே, அதில் கறுப்பினப் பெண்களும் உண்டா?

காகிதத்தில் உண்டு. தெற்கே அவர்களும் அதே பதிவாளர் முன்னால்தான் நிற்க வேண்டியிருந்தது. பெண்கள் இயக்கத்துக்குள்ளேயே பாகுபாடு இருந்தது: 1913-இல் வாஷிங்டன் ஊர்வலத்தில் கறுப்பினப் பத்திரிகையாளர் ஐடா பி. வெல்ஸைப் பின்வரிசைக்குப் போகச் சொன்னார்கள். அவர் மறுத்து, தம் இல்லினாய் அணியோடு நடந்தார்.

பூர்வகுடிகள், இந்தியர்கள் நிலை என்ன?

மண்ணின் மக்களான பூர்வகுடிகள் அனைவரும் குடிமக்களானது 1924-இல்தான். அதன் பிறகும் அரிசோனா, "பாதுகாவலரின் கீழ் உள்ளவர்கள்" என்று சொல்லி ஓட்டை மறுத்தது. நியூ மெக்சிகோ, வரி கட்டாதவர்கள் என்றது. இரண்டும் 1948-இல் நீதிமன்றத்தில் தோற்றன. நியூ மெக்சிகோ வழக்கைப் போட்ட மிகல் ட்ருஹியோ இரண்டாம் உலகப் போரில் பணியாற்றியவர்.

நம் நாட்டவருக்குக் கதவு குடியுரிமையிலேயே சாத்தப்பட்டிருந்தது. 1790 முதல் "சுதந்திர வெள்ளையர்" மட்டுமே குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். உள்நாட்டுப் போருக்குப் பின் ஆப்பிரிக்க வம்சாவளியினரையும் சேர்த்தார்கள். பஞ்சாபில் பிறந்து அமெரிக்கப் படையில் பணியாற்றிய பகத் சிங் திந்தின் வழக்கில், இனநூலார் என்ன சொன்னாலும் சாமானியன் இவரை வெள்ளையர் என்று ஒப்பமாட்டான் என்று 1923-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஏற்கெனவே குடியுரிமை பெற்றிருந்த பல இந்தியர்களும் அதை இழந்தார்கள். 1946-இல் சட்டம் மாறியது. பத்தே ஆண்டில், 1956-இல், தலிப் சிங் சௌந்து கலிஃபோர்னியாவிலிருந்து நாடாளுமன்றத்துக்குத் தேர்வானார். தமிழர்கள் பெருமளவில் அங்கே குடியேற வழிதிறந்த குடியேற்றச் சட்டம் 1965 அக்டோபரில் வந்தது. செல்மாவில் அடிவாங்கியவர்கள் உருவாக்கிய அதே அரசியல் சூழலில் பிறந்த சட்டம் அது. நியூஜெர்சியில் இன்று ஓட்டுப் போடும் நம்மவர்களில் எத்தனை பேருக்கு இது நினைவிருக்கும்?

அடிமைமுறையை ஒழித்தது குடியரசுக் கட்சிதானே? இன்று ஏன் தலைகீழாக இருக்கிறது?

லிங்கனின் கட்சி குடியரசுக் கட்சி. தெற்கின் வெள்ளை மேலாதிக்கம் ஜனநாயகக் கட்சியின் கோட்டை. இரண்டும் உண்மை. ஜான்சன் 1964-இல் இனப் பாகுபாட்டுக்கு எதிரான சட்டத்தையும் 1965-இல் வாக்குரிமைச் சட்டத்தையும் கொண்டுவந்ததும் தெற்கு வெள்ளையர் படிப்படியாகக் கட்சி மாறினார்கள். கட்சிப் பெயர்களைப் பிடித்துக்கொண்டு வாதிடுவதால் பயனில்லை.

2013-இல் என்ன நடந்தது?

ஷெல்பி கவுன்ட்டி வழக்கில், முன் அனுமதிக்கு உட்படும் மாநிலங்களைத் தீர்மானிக்கும் சூத்திரம் காலாவதியானது என்று உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் ரத்து செய்தது. நாடாளுமன்றம் 2006-இல்தான் அதை நீட்டித்திருந்தது. செனட்டில் எதிர்ப்பாக ஒரு வாக்குகூட இல்லை. மழையில் நனையவில்லை என்பதற்காகக் குடையை வீசுவதா என்று நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் மாறுபட்ட தீர்ப்பில் கேட்டார். முன் அனுமதி தேவையில்லாமல் போனதும், அதே ஆண்டு வட கரோலினா, முன்கூட்டி வாக்களிக்கும் நாட்களை 17-லிருந்து 10 ஆகக் குறைத்தது. கறுப்பினத்தவர் எந்தெந்த வசதியை அதிகம் பயன்படுத்துகிறார்கள் என்ற தரவைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டு எழுதிய சட்டம் அது. ஏறக்குறைய அறுவைசிகிச்சைத் துல்லியத்தோடு அவர்களைக் குறிவைக்கிறது என்று 2016-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

நாமும் வாக்குச்சாவடியில் அடையாள அட்டை காட்டுகிறோமே. அமெரிக்காவில் மட்டும் அது எப்படி இனப் பாகுபாடு?

நமக்கு வாக்காளர் அட்டையைத் தேர்தல் ஆணையமே தருகிறது. அது இல்லாவிட்டால் ஏற்கத்தக்க வேறு ஆவணங்களின் பட்டியல் உண்டு. அமெரிக்காவில் எல்லோருக்குமான தேசிய அடையாள அட்டை கிடையாது. ஆகவே எந்த அட்டை செல்லும் என்பதிலேயே சூட்சுமத்தை வைக்கலாம். டெக்சஸ் சட்டத்தில் கைத்துப்பாக்கி உரிமம் செல்லும், அரசுப் பல்கலைக்கழக மாணவர் அட்டை செல்லாது. இலவச அட்டை கேட்டால் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். மருத்துவமனைக்கு வெளியே மருத்துவச்சி கையில் பிறந்த முதிய கறுப்பினத்தவர் பலரிடம் அது இல்லை. அந்தச் சட்டத்துக்குப் பாகுபாடான விளைவு உண்டு என்று 2016-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமே சொன்னது. அட்டை கேட்பது தவறில்லை. கிடைக்காத அட்டையைக் கேட்பதுதான் சிக்கல்.

சிறைக்குப் போய் வந்தவர்களுக்கு ஓட்டு உண்டா?

மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். மெய்ன், வெர்மான்ட் மாநிலங்களில் சிறைக்குள்ளிருந்தே வாக்களிக்கலாம். ஃபுளோரிடாவில் கடுங்குற்றத் தண்டனை பெற்றவர் வாழ்நாள் முழுவதும் ஓட்டை இழந்தார்; அந்தத் தடையின் சுமை கறுப்பினத்தவர் மீது அதிகமாக விழுந்தது. 2018-இல் ஏறக்குறைய 65 சதவீத மக்கள் வாக்களித்து, கொலை, பாலியல் குற்றங்கள் நீங்கலாக, தண்டனை முடித்தவர்களுக்கு ஓட்டைத் திருப்பித் தந்தார்கள். மறு ஆண்டே சட்டமன்றம் ஒரு நிபந்தனை சேர்த்தது: அபராதமும் நீதிமன்றக் கட்டணமும் முழுவதும் கட்டியிருந்தால்தான் தண்டனை முடிந்ததாகப் பொருள். யாருக்கு எவ்வளவு பாக்கி என்று பார்த்துச் சொல்ல மாநிலம் முழுமைக்கும் ஒரே பதிவேடு இல்லை. கட்டணம் கட்டினால்தான் ஓட்டு என்பது செல்லாது என்று ஒரு நீதிபதி சொன்னார். 2020-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் செல்லும் என்றது. 2022-இல் தகுதியின்றி வாக்களித்ததாக அங்கே 20 பேர் மீது கைது நடவடிக்கை அறிவிக்கப்பட்டது. அவர்களில் பலர், தேர்தல் அலுவலகம் வாக்காளர் அட்டை அனுப்பியதால்தான் வாக்களித்தோம் என்றார்கள்.